ஒரே வீட்டுச் சமையல், இரண்டு உடல்வாகு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டவாறு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 39 வயது. மூன்று வயது மூத்த அக்காவும் நீங்களும் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்; உயரமும் ஏறத்தாழ ஒன்றே; ஆயினும் அவர் இன்றும் 52 கிலோ, நீங்கள் 81 கிலோ. ஆறு மாதமாக வாரத்தில் ஆறு நாள் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள், இரவில் சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறியிருக்கிறீர்கள், எடை இறங்கியதோ ஒன்றரை கிலோ மட்டுமே. அப்பாவுக்கும் அத்தைக்கும் பருத்த உடல், அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. 'இது பிறவியிலேயே வந்தது என்றால் நடப்பதை விட்டுவிடலாமா?' என்று முடித்திருக்கிறீர்கள். உடல் எடையில் பிறப்போடு வருவது எவ்வளவு, நடந்தும் எடை ஏன் குறையவில்லை, பிறப்போடு வந்ததை மாற்ற முயல்வதில் பயன் உண்டா என்று மூன்று கேள்விகள் இதில் இருக்கின்றன. நீங்கள் எழுதாமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்றும் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது: இது என் குற்றமா என்பது. நான் 17 ஆண்டுகளாக நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன்; எதிரே வந்து உட்காருகிறவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், அந்த நான்காவது கேள்வியைச் சுமந்துகொண்டே வருகிறார்கள். நான் மரபியல் ஆய்வாளர் இல்லை, உங்களைப் பரிசோதித்ததும் இல்லை. ஆகவே எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருப்பது, எது என் அனுபவம் மட்டுமே என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

பிறப்போடு வரும் பங்கு பெரியது என்பதில் இன்று ஐயம் இல்லை. 1986-இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்டும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரின் எடையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வளர்ந்த பிறகு அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போனது. சோறூட்டி வளர்த்தவர்களின் உடல்வாகோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஸ்டன்கார்ட், சுவீடனில் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒற்றைக்கரு இரட்டையரை, அதாவது ஒரே மரபணுக்களோடு பிறந்தவர்களைப் பார்த்தபோதும், பிரிந்து வளர்ந்த இருவரின் உயரத்துக்கேற்ற எடை மிக நெருக்கமாக இருந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சமூகத்துக்குள் மனிதர்களுக்கிடையே காணும் எடை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காடு வரை மரபுவழி வேறுபாட்டோடு தொடர்புடையது என்று கணக்கிடுகிறார்கள். ஒரே வீட்டுச் சமையல் என்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியவர்களான பின் உடல்வாகை ஒன்றாக்குவதில்லை. உடன்பிறந்தவர்களோ தங்களுக்குள் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளை மட்டுமே பகிர்ந்துகொள்கிறவர்கள். அக்கா அம்மா வழி, நான் அப்பா வழி என்று வீடுகளில் சொல்வார்களே, அதில் கணிசமான உண்மை இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது கனடாவில் கியூபெக் நகரின் லாவல் பல்கலைக்கழகத்தில் கிளாட் பூஷார் நடத்திய ஆய்வு. 12 இணை ஒற்றைக்கரு இரட்டையர், எல்லோரும் இளைஞர்கள், கண்காணிப்பில் தங்கவைக்கப்பட்டு 100 நாள்களில் 84 நாள், தங்கள் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளே போன கூடுதல் கணக்கு ஒன்றே. ஆனால் ஒருவர் ஏற்றிய எடை 4.3 கிலோ, இன்னொருவர் ஏற்றியது 13.3 கிலோ, சராசரி 8.1 கிலோ. அண்ணன் எவ்வளவு ஏற்றினாரோ தம்பியும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏற்றினார். இணைகளுக்கிடையே இருந்த வேறுபாடு ஓர் இணைக்குள் இருந்ததைப்போல் மூன்று மடங்கு. 'பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எனக்கு உடம்பு வைக்கிறது' என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது இந்த ஆய்வைப் படித்த பிறகுதான். தண்ணீரில் கலோரி இல்லை என்பது உண்மை. ஒரே உணவு இருவர் உடலில் மூன்று மடங்கு வேறுபாட்டோடு தங்க முடியும் என்பதும் உண்மை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 24 பேரில் எடை ஏறாமல் இருந்தவர் ஒருவரும் இல்லை. மரபணு தீர்மானித்தது எவ்வளவு ஏறும் என்பதை; ஏற்றியது உணவு.

மரபுவழிப் பங்கு 70 விழுக்காடு என்றதும், என் 81 கிலோவில் 57 கிலோ மரபணுவுடையது என்றோ, நான் மாற்றக்கூடியது 30 விழுக்காடு மட்டும் என்றோ பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் ஒரு தனிமனிதரைப் பற்றியதே இல்லை. ஒரு காலத்தில், ஒரு சூழலில் வாழும் கூட்டத்துக்குள் ஒருவர் மற்றவரிடமிருந்து ஏன் வேறுபடுகிறார் என்பதற்கான அளவு அது. சூழல் மாறினால் அந்த எண்ணே மாறும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், எடையோடு தொடர்புடைய எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வடிவத்தைத் தலைமுறைவாரியாகப் பார்த்தார்கள். 1942-க்குப் பின் பிறந்தவர்களிடம் அந்த வடிவம் எடையைக் கூட்டியது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் அந்தத் தொடர்பே தென்படவில்லை. மரபணு அதே மரபணு, மாறியது அவர்கள் உண்ட உணவும் செய்த வேலையும் வாழ்ந்த காலமும். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 28.6 விழுக்காட்டினருக்கு உடல் பருமனும் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாகக் காட்டியது. நம் பாட்டிமார் காலத்திலிருந்து இன்றுவரை நம் மரபணுக்கள் மாறிவிடவில்லை. அவை இருந்தபடியே இருக்க, அவற்றைச் சுற்றி இருந்தது மாறிவிட்டது.

மரபணு எங்கே வேலை செய்கிறது என்பது அடுத்த செய்தி. 'எனக்கு மெட்டபாலிசம் மந்தம்' என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் பருத்த உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், மெலிந்த உடல் எரிப்பதைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும், ஏனென்றால் சுமந்து நடத்த வேண்டிய உடலே பெரியது. எடையோடு தொடர்புடையவையாக இதுவரை தெரியவந்த மரபணுக்களில் பல மூளையில், பசியையும் நிறைவையும் ஆளும் இடங்களில், இயங்குகின்றன. 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். கொழுப்புத் திசுவில் சுரந்து, சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்வது அது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜில், லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. அடங்காத பசியோடு மிதமிஞ்சிப் பருத்திருந்த அவர்களில் மூத்த குழந்தைக்கு லெப்டின் ஊசி தொடங்கியதும் பசி தணிந்தது, எடை இறங்கியது. இத்தகைய ஒற்றை மரபணுக் கோளாறு மிக மிக அரிது. உங்களுக்கு அது இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அது குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும். நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பவை ஒவ்வொன்றும் சிறு விளைவு உடைய நூற்றுக்கணக்கான வேறுபாடுகள். 2007-இல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. அவற்றில் பெரியது, அதன் எடை கூட்டும் வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர், பெறாதவரைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதல் எடை உடையவர். அவ்வளவுதான். இந்த எண்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினரிடம் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை அன்றாட மொழியில் சொன்னால், உங்கள் அக்கா மூன்று இட்லியோடு எழுந்துவிடுவதற்கு அவருடைய கட்டுப்பாடு மட்டும் காரணமாக இருக்காது. மூன்றாவது இட்லியில் அவருக்கு வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது. உங்களுக்கு அந்த உணர்வு ஐந்தாவதில் வரலாம். நான்காவது கேள்விக்கு என் பதில் இதுவே: பசியின் அளவு நீங்கள் தேர்ந்தெடுத்தது இல்லை, அதற்காக உங்களைக் குற்றவாளியாக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பசிக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் உங்கள் கை இருக்கிறது.

இனி நடைப்பயிற்சிக்கு வருகிறேன். 81 கிலோ எடையுள்ளவர் ஓரளவு வேகமாக ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றலைக் கழித்துவிட்டுப் பார்க்கையில், ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஆறு மாதத்தில் 150 நாள் என்று வைத்துக்கொண்டால் 30,000 கலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. கணக்குப்படி நான்கு கிலோ குறைந்திருக்க வேண்டும். உங்களுக்குக் குறைந்தது ஒன்றரை. நீங்கள் ஏமாற்றவில்லை. இப்படித்தான் பலருக்கும் ஆகிறது. நடந்த களைப்பில் மீதி நாளில் கொஞ்சம் கூடுதலாக உட்காருகிறோம், பசி சற்றுக் கூடுகிறது, நடந்து முடித்த கையோடு குடிக்கும் சர்க்கரை போட்ட காபியும் இரண்டு பிஸ்கட்டும் அந்த 200-இல் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இவற்றுக்கு மேல், உடலே வேறு வேலைகளில் ஆற்றலைச் சிக்கனப்படுத்திக்கொள்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்த ஹெர்மன் பான்ட்ஸர், நாளெல்லாம் நடக்கும் அவர்களுடைய மொத்த ஆற்றல் செலவு, உடல் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்கர்களுடையதைப் போன்றே இருந்ததாக 2012-இல் எழுதினார். அளவீட்டை நான் நம்புகிறேன். உடல் தன் செலவுக்கு ஓர் உச்ச வரம்பு வைத்துக்கொள்கிறது என்ற அவருடைய விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது, அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்.

நடையைத் தவிர்த்த சிறுசிறு அசைவுகளுக்கும் பங்கு உண்டு. 1999-இல் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, ஒருவர் உடலில் அரைக் கிலோவுக்கும் குறைவான கொழுப்பும், இன்னொருவர் உடலில் நான்கு கிலோவுக்கு மேலும் சேர்ந்தது. குறைவாகச் சேர்ந்தவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்தவர்கள்: எழுவது, உலாவுவது, நிற்பது. உங்கள் அக்கா ஓரிடத்தில் உட்காராதவரா என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் நடப்பதை விட்டுவிடலாமா என்றால், விடவே கூடாது என்பதே என் உறுதியான பதில். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். நாள்தோறும் நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட பிரிவில் 39.3 விழுக்காட்டினர். அந்தப் பிரிவினரின் எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. எடை காட்டும் கருவியில் ஒன்றும் தெரியாதபோதும் உள்ளே தசைகள் சர்க்கரையைக் கையாளும் விதம் திருந்தியிருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உள்ள உங்களுக்கு இதைவிட வேண்டிய செய்தி வேறில்லை. எஃப்.டி.ஓ.வின் எடை கூட்டும் வடிவம் உடையவர்களிடமும், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டிய 2011 ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களுக்கு அதன் விளைவு ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது. உங்கள் நடை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். எடைக் குறைப்பு அதன் முதல் வேலையே இல்லை. குறைத்த எடையைத் தக்கவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. 40 வயதை நெருங்கும் நம் பெண்களிடம் தசை குறைந்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

எடை இறங்க வேண்டுமானால் முதன்மையான வேலை தட்டில் நடக்க வேண்டும். சாதத்துக்குப் பதில் சப்பாத்தி என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றே, 340-க்கும் 350-க்கும் இடையில். சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம் என்பது நன்மை. மூன்று சப்பாத்திக்கும் எண்ணெய் தடவி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமாவும் வைத்தால் அந்த நன்மை போய்விடும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், சாப்பிடுவது எத்தனை பேர் என்பதே. நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. அதில் மட்டும் ஏறத்தாழ 270 கலோரி, உங்கள் ஒரு மணி நேர நடைக்கும் அதிகம். இரண்டரை லிட்டருக்கு இறக்கினால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 100 கலோரி குறைகிறது, யாரும் பட்டினி கிடக்காமலே. இரண்டாவது கேள்வி, மாலை நான்கு மணிக்கும் இரவு உணவுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது. மிக்சர், முறுக்கு, பிஸ்கட், பஜ்ஜி, பிள்ளைகள் மீதம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வது, இவற்றை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதையும் குறைக்காமல் மூன்று நாள் அப்படியே எழுதிவரச் சொல்வேன். எழுதியவர்களில் பலர் விடையைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்கள். இது என் அனுபவம், ஆய்வு முடிவு இல்லை.

பொட்டலத்தில் வரும், தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவைப் பற்றி ஆய்வே இருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவையும் விரும்பிய அளவு சாப்பிட்டார்கள். பரிமாறப்பட்டதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக வைக்கப்பட்டிருந்தன. ஆனால் பதப்படுத்தியதைச் சாப்பிட்ட நாள்களில் அவர்கள் தாமாகவே ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்றதில் அதே அளவு இறங்கினார்கள். ஆய்வு சிறியது, காலமும் குறைவு; ஆனாலும் கட்டுப்பாடாக நடத்தப்பட்டது. பசி அதிகம் உடையவர்களுக்கு நான் சொல்வது, தட்டில் சாதம் அல்லது இட்லியைக் கால் பங்குக்கு இறக்கி, பொரியலையும் கூட்டையும் பாதித் தட்டுக்கு ஏற்றி, சுண்டல், பாசிப்பயறு, முட்டை, மீன், தயிர் என ஏதாவது ஒரு புரதத்தை ஒவ்வொரு வேளையும் வைப்பது. நம் உணவில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. வயிறு விரைவில் நிறைந்து நீண்ட நேரம் நிறைந்திருக்கப் புரதமும் நார்ச்சத்தும் உதவும்.

எந்த உணவுமுறை சிறந்தது, மரபணுவைப் பரிசோதித்து அதற்கேற்ற உணவைத் தேர்ந்தெடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எச்சிலை அனுப்பினால் உணவுப் பட்டியல் தருவதாகச் சொல்லும் பரிசோதனைகளுக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் 609 பேரை ஓர் ஆண்டு தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை அவர்கள் சோதித்த மரபணு வடிவங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரு பிரிவுகளிலும் மிக அதிகம் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். ஒருவர் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிந்த முறையே அவருக்கு உரியது என்பதற்கு மேல் இதில் உறுதியாகச் சொல்ல எவரிடமும் ஒன்றும் இல்லை.

எடை குறைந்த பின் உடல் அதை மீட்க முயலும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், பசி கூடும். வேகமாக 20 கிலோ குறைத்தவர்களை அடுத்த ஆண்டு பழைய எடையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் அடைந்த மனவேதனை அந்த எடையைவிடக் கனமானது. ஆகவே உங்களுக்கு 52 கிலோ என்ற இலக்கை நான் வைக்கமாட்டேன். ஓர் ஆண்டில் நான்கிலிருந்து ஆறு கிலோ, அதாவது ஐந்து முதல் ஏழு விழுக்காடு, பிறகு அதைக் காப்பது என்பதே என் பரிந்துரை. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு மூன்றுக்கும் அந்த அளவே பயன் தரும். செமாகுளுடைட் போன்ற புதிய ஊசி மருந்துகள் பசியைத் தணித்து இதைவிட அதிகமாகக் குறைக்கின்றன. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வருகிறது. அது உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது, என் வரம்புக்குள் வராது.

இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தைராய்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் சினைப்பை நீர்க்கட்டி பற்றிக் கேளுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவை எடையை ஏற்றும். எதையும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் அக்காவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புனேயின் கே.ஈ.எம். மருத்துவமனை ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 2004-இல் தன்னையும் பிரிட்டன் நண்பர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3, ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. மெலிந்து தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு மறைந்திருக்க முடியும் என்பதற்காகவே நமக்கு அந்தக் குறியீட்டில் பருமன் வரம்பை 30-க்குப் பதில் 25 என்றும், பெண்களின் இடுப்புச் சுற்றளவை 80 சென்டிமீட்டர் என்றும் வகுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இருக்கும் சர்க்கரை நோயின் மரபு உங்கள் இருவருக்கும் பொது. 52 கிலோ என்பதால் அவர் இதுவரை பரிசோதித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன். அடுத்த முறை சந்திக்கும்போது இருவரும் தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்; வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் எண்களை எழுதினால், உணவுப் பக்கம் என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.